ஒரு சிசிலிப் படமும் என் அழுகையும்: பாம்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரில் ஒரே படத்தை மூன்று தடவை காட்டியிருக்கிறேன். மூன்று தடவையும் தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் அந்த 61 நாட்களில்தான் பாம்பன் தெற்குவாடியில் இரவு விழித்திருக்க ஆள் கிடைக்கும். மூன்று தடவையும் அழுதேன். பள்ளிக்கூட ஆசிரியை அழுவது சிலருக்குப் படத்தைவிடச் சுவையாக இருந்திருக்க வேண்டும். மீன் வாங்கும் இடத்தில், கோயில் வாசலில், ராமநாதபுரம் பஸ்ஸில் என்று அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வாய் வலித்துப்போய் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களுடையவை, நான் திருத்தியது எழுத்தை மட்டும்தான்.

அது என்ன படம், டீச்சர்? யார் நடித்தது?

‘லா தெர்ரா த்ரேமா’ என்று பெயர். பூமி அதிர்கிறது என்று பொருள். இத்தாலிய இயக்குநர் லூக்கினோ விஸ்கோந்தி எடுத்து 1948இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். சிசிலித் தீவின் கிழக்குக் கரையில், கத்தானியா நகரத்துக்கு அருகில் இருக்கும் ஆச்சி த்ரெஸ்ஸா என்ற மீனவ ஊரிலேயே படமாக்கியிருக்கிறார்கள். அந்த ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் அதற்குப் பரிசும் கிடைத்தது.

நடிகர் என்று சொல்ல அதில் யாரும் இல்லை. அந்த ஊர் மீனவர்கள், பெண்கள், கொத்தனார்கள், மீன் வியாபாரிகள் இவர்களைத்தான் நடிக்க வைத்திருக்கிறார்கள். படம் தொடங்கும்போதே அப்படி எழுதிக் காட்டிவிடுகிறார்கள். கதைக்கு வேர் ஜொவான்னி வெர்கா 1881இல் வெளியிட்ட ஒரு நாவல். நாவலில் அந்தக் குடும்பம் கடனுக்கு ஒரு வகைப் பயறு வாங்கிப் படகில் ஏற்றி அனுப்பும். படகு புயலில் போய்விடும். விஸ்கோந்தி பயறை எடுத்துவிட்டு நெத்திலியை வைத்தார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

படம் பார்க்க நேரமில்லை. கதையை மட்டும் சொல்லுங்களேன்.

ஊரில் மீனுக்கு விலை வைப்பது மொத்த வியாபாரிகள். இரவெல்லாம் விளக்கு வைத்துப் பிடித்துக்கொண்டு விடியற்காலை கரைக்கு வந்தால், அவர்கள் சொல்வதுதான் கணக்கு. வலாஸ்த்ரோ குடும்பத்தின் தகப்பன் கடலில் போய்விட்டான். மூத்த மகன் ந்தோனிக்கு இந்த விலை பொறுக்கவில்லை. ஒருநாள் கரையில் கைகலப்பு; வியாபாரிகளின் தராசைத் தூக்கிக் கடலில் எறிகிறான். போலீஸ் பிடித்துப்போகிறது. கொஞ்ச நாளில் வெளியே விட்டுவிடுகிறார்கள். எப்படி என்றால், அவனை விடச் சொன்னதே வியாபாரிகள்தான். தொழிலுக்குப் போக ஆள் வேண்டும் அல்லவா? அந்த இடத்தில் எங்கள் மாடியில் சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

பிறகு ந்தோனி வீட்டைக் கத்தானியா வங்கியில் அடகு வைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறான். பெரிய நெத்திலிப் பாடு கிடைக்கிறது. குடும்பமே உட்கார்ந்து உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைக்கிறது. கடன் கட்ட வேண்டும் என்று மோசமான காற்றிலும் கடலுக்குப் போகிறார்கள். புயலில் படகு உடைகிறது. ஆட்கள் பிழைத்து வருகிறார்கள். அதற்குப் பிறகு யாரும் வேலை தருவதில்லை. நெத்திலி அடிமாட்டு விலைக்குப் போகிறது. வீடு போகிறது. தம்பி கோலா ஓர் அந்நியனோடு ஊரைவிட்டே போய்விடுகிறான். தங்கை லூசியாவின் பெயர் கெடுகிறது. கடைசியில் ந்தோனி இரண்டு சின்னத் தம்பிகளையும் கூட்டிக்கொண்டு அதே வியாபாரிகளிடம் கூலிக்குப் பேர் கொடுக்கப் போகிறான். அவர்கள் முகத்துக்கு நேரே சிரிக்கிறார்கள். துடுப்புப் போடும் ந்தோனியோடு படம் முடிகிறது.

கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஒன்றும் குறையாது. புயல் வரும் என்று முன்கூட்டியே தெரிவது பார்ப்பவர்களுக்கு நல்லது என்றே சொல்வேன்.

கலைப்படம் என்றால் பாட்டும் சண்டையும் இல்லாத படம்தானே?

இதில் இரண்டும் உண்டு. பெண்கள் பாடுகிறார்கள், கரையில் அடிதடி நடக்கிறது. வித்தியாசம் வேறு இடத்தில்: பார்ப்பவன் அடுத்து என்ன ஆகும் என்று நகத்தைக் கடிக்க வேண்டும் என்பதற்காக இந்தப் படம் எதையும் செய்வதில்லை.

நீ கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். அவர்கள் பேசுவது உனக்குப் புரிந்ததா என்ன? (சித்தி கேட்டது)

காதுக்குப் புரியவில்லை, சித்தி. கீழே ஓடும் ஆங்கில எழுத்தை வாசித்துத்தான் மாடியில் எல்லோருக்கும் தமிழில் சொன்னேன். ஒரு வேடிக்கை: அந்தப் படத்தின் பேச்சு இத்தாலியர்களுக்கே புரியாதாம். அது ஊர்ச் சிசிலியப் பேச்சு. சிசிலியில் இத்தாலிய மொழி ஏழைகளின் மொழி இல்லை என்று படத்தின் முகப்பிலேயே எழுதிவிட்டார்கள். அதனால் நடுநடுவே இத்தாலிய மொழியில் ஒரு குரல் விளக்கம் சொல்கிறது. வசனத்தையும் முன்கூட்டி எழுதிக் கொடுக்கவில்லை. இந்த நேரத்தில் உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று மீனவர்களையே கேட்டுத்தான் விஸ்கோந்தி வசனத்தை அமைத்தார்.

ஆனால் ஒரு சொல் புரிந்தது. பெயர். ந்தோனி என்பது அந்தோனியோ, அதாவது நம் அந்தோணி. அவனைக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் முதல் எழுத்தைக் கடித்து விழுங்கி “ந்தோனீ” என்கிறார்கள். நம் தெருவில் நான்கு அந்தோணிகள். வல்லப் படகு வரும்போது கரையிலிருந்து நாம் கூப்பிடுவதும் அப்படித்தானே, காற்றுக்கு முதல் எழுத்து நிற்காது. கச்சத்தீவில் இருக்கும் அந்தோணியாரேதான் அங்கும் கடலுக்குள் போகிறார் என்று முதல் பத்து நிமிடத்திலேயே எனக்குத் தோன்றிவிட்டது.

2 மணி 40 நிமிடமா! நான் தூங்கிவிட்டேன். ரசனை இல்லாதவன் என்று நினைப்பீர்களோ?

நினைக்கவில்லை. முதல் தடவை காட்டியபோது பாதிப் பேர் தூங்கினார்கள். கடலுக்குப் போய்ப் பழகிய உடம்பு கிடைத்த இடத்தில் தூங்கும். அதில் ரசனைக்கு என்ன வேலை? தவிர, படத்தில் சில இடங்கள் உண்மையிலேயே இழுவைதான். அந்த விளக்கக் குரல் நாம் பார்த்துக்கொண்டிருப்பதையே திரும்பச் சொல்வது எனக்கும் எரிச்சல்.

ஆனாலும் மெதுவு எல்லாம் ஒன்றல்ல. வலையைக் கரையில் விரித்து ஓட்டை தேடுகிறவன் மெதுவாகத்தான் தேடுவான். தொடக்கக் காட்சியில் விடிகிற நேரம், கோயில் மணி, தூரத்தில் படகு விளக்குகள், கரையில் வியாபாரிகளின் சத்தம். படகு கரைக்கு வருவதற்கு எடுக்கும் நேரத்தைப் படமும் எடுத்துக்கொள்கிறது. கரையில் நின்று பழகியவர்களுக்கு அது நீளமாகத் தெரியாது. வெளியூரிலிருந்து வந்த என் மைத்துனருக்கு மட்டும் தெரிந்தது.

அழுதது எந்த இடத்தில்? புயலில்தானே?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். புயல் காட்சியில் என் கண் வறண்டிருந்தது. அது பெரிய காட்சிதான், மறுக்கவில்லை. கறுப்புத் துணியால் தலையை மூடிய பெண்கள் பாறைமேல் அசையாமல் நின்று கடலைப் பார்க்கிறார்கள். காற்று துணியை இழுக்கிறது. நம் பெண்கள் கோயிலில் முந்தானையை இழுத்துத் தலையில் போடுவது போலவே இருக்கிறது. மாடியில் இருந்த பெரியவர்கள் அப்போது 64 புயலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போன கதையைக் கேட்டு வளராத பிள்ளை இந்தத் தீவில் இல்லை. பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடல் கொண்டுபோனது, சர்ச்சுச் சுவர் மட்டும் நின்றது. பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டதால் திரையில் நடந்த புயலைப் பாதிப் பேர் பார்க்கவே இல்லை.

நான் அழுதது அதற்கு முன்னால், எல்லோரும் சிரிக்கிற காட்சியில். நெத்திலிக்கு உப்புப் போடும் காட்சி. முற்றத்தில் குடும்பமும் அண்டை வீட்டாரும் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்கள் பாடுகிறார்கள். கொத்தனார் நிக்கோலா, லூசியாவின் அக்கா மாராவைப் பார்க்கிறான், அவள் பார்க்காததுபோல் பார்க்கிறாள். கை நிறைய மீன், கை நிறைய உப்பு. அந்த வீட்டில் வேறு எப்போதும் அப்படிச் சிரிப்பில்லை. எனக்கோ அடுத்து வருவது தெரியும். நம் கரையில் “இன்றைக்குப் பாடு எப்படி?” என்று கேட்பது மீனைப் பற்றித்தான், பாடு என்றால் துன்பம் என்றும் தமிழில் பொருள் இருப்பதை வெளியூர் போய்ப் படித்தபோதுதான் யோசித்தேன். அந்தக் காட்சியில் இரண்டு பொருளும் ஒரே பீப்பாயில் கிடக்கின்றன.

அங்கே கண்ணீர் வரக் காரணம் உப்பு. அந்த உப்பும் பீப்பாயும் கடனில் வந்தவை. சிரிக்கிற ஒவ்வொரு கையிலும் கடன் இருக்கிறது. யாரும் அதைச் சொல்லவில்லை, கேமராவும் சுட்டிக்காட்டவில்லை.

நெத்திலிக்கு எதற்குப் பீப்பாய்? மணலில் காயப்போட்டால் இரண்டு நாளில் கருவாடு ஆகிவிடுமே?

இதைக் கேட்காத ஆள் ஊரில் இல்லை, அழுகையைவிட இதற்குத்தான் மவுசு. நாம் வெயிலை நம்புகிறோம். அவர்கள் உப்பையும் பாரத்தையும் நம்புகிறார்கள். தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்குக் கல்லுப்பு என்று பீப்பாயில் நிரப்பி, மேலே கனமான எடையை வைத்து மாதக்கணக்கில் விடுவார்கள். மீன் தன் சாற்றிலேயே ஊறிப் பழுக்கும். நம் கருவாடுபோல் காய்ந்து விறைக்காது, ஈரமாகவே இருக்கும்.

இதனால் கதைக்கும் ஒரு வேலை நடக்கிறது. உப்பில் போட்டுவிட்ட மீன் உடனே அழுகாது. விலை ஏறும்வரை காத்திருக்கலாம். பச்சை மீனை வைத்திருப்பவனுக்கு அந்த வசதி இல்லை. பொழுது ஏற ஏற அவன் விலை இறங்கும். ந்தோனி தேடியது பணத்தைவிடக் காத்திருக்கும் உரிமையைத்தான் என்று நான் புரிந்துகொண்டேன். கடன் தவணை அந்த உரிமையைப் பறித்துக்கொள்கிறது. கூடவே சொல்லிவிடுகிறேன், உப்பு கொஞ்சமாகப் போடுகிறார்கள் என்று பெரியம்மா கண்டித்தார். சிசிலிக்குத் தெரிவிக்க எனக்கு வழியில்லை.

எனக்கு அழுகையே வரவில்லை. கல்நெஞ்சோ?

இல்லை. என்னோடு படம் பார்த்தவர்களில் ஒருவர் வங்கி அடகுக் காட்சியில் எழுந்து போய் பீடி பற்றவைத்தார், திரும்பி வரவே இல்லை. இன்னொருவர் தராசு கடலில் விழுந்தபோது கைதட்டினார். ஒரு பையன் ‘தம்பி எங்கே போனான், அந்த ஆள் யார்’ என்று படம் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்; அவனுடைய அண்ணன் வளைகுடா நாட்டில் இருக்கிறான். அவரவர் வலை எங்கே கிழிந்திருக்கிறதோ அங்கேதான் மீன் நழுவும். உங்களுக்கு எங்கும் நழுவவில்லை என்றால் அது பாக்கியம், அனுபவியுங்கள்.

அத்தை, அது உங்கள் அப்பாவை நினைத்து வந்த அழுகை. அதைப் படத்தின் கணக்கில் எழுதலாமா?

மதுரையில் காட்சித் தகவலியல் படிக்கும் என் அண்ணன் மகன் கேட்டது. நல்ல கேள்வி. ஒரு வாரம் பதில் சொல்லவில்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா வல்லத்துக்கு எஞ்சினும் வலையும் வாங்க ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். முன்பணம் வாங்கினால் மீனை அவருக்கே போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. 1997இல் எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி விடுமுறையில் வந்திருந்தேன். அன்றைக்குப் பக்கத்து ஏலத்தில் கிலோ 12 ரூபாய்க்குப் போன அதே மீனை அப்பா 7 ரூபாய்க்குப் போட்டுவிட்டு வந்தார். கரையில், நாலு பேருக்கு முன்னால், “நீங்கள் கோழை அப்பா” என்றேன். அவர் கூடையைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார். அவ்வளவுதான். நான் அந்தச் சொல்லைத் திரும்பப் பெறவில்லை. அதைச் சரி என்றே இருபது வருடத்துக்கு மேல் நம்பியிருந்தேன்.

அப்பாவை நினைவூட்டுகிற படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். தியேட்டரிலேயே அழுது, வெளியே வந்து டீ குடித்து, மறந்தும் போயிருக்கிறேன். இந்தப் படம் நினைவூட்டவில்லை. நான் பாதி மட்டுமே போட்டு வைத்திருந்த ஒரு கணக்கின் மறுபாதியைப் போட்டுக் காட்டியது. எதிர்த்து நின்றால் என்ன ஆகும் என்பதை வீடு, தம்பி, தங்கை என்று ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டியது. அந்தப் பட்டியல் அப்பாவுக்கு 1997இலேயே தெரியும். எனக்குத் தெரியவில்லை. முற்றத்தில் அவர்கள் சிரித்தபோது, எங்கள் வீட்டு முற்றத்தில் அப்படி ஒரு நாள் வராமல் போனதும், அதற்குப் பின்னால் வந்திருக்கக்கூடிய நாட்கள் வராமல் போனதும் ஒரே காரணத்தால்தான் என்று பட்டது. கண்ணீர் என்னுடையது, கணக்கு படத்துடையது. இப்படிப் பிரித்துக்கொள் என்று அவனிடம் சொன்னேன். தேர்வில் எழுதினால் மதிப்பெண் வராது என்றான்.

அப்படியானால் எதிர்க்காதே, அடங்கிப் போ என்கிறதா படம்?

எடுத்தவர் காதில் விழுந்தால் வருத்தப்படுவார். முதலில் பணம் கொடுத்தது இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி. கடல், வயல், சுரங்கம் என்று மூன்று படங்களாக எடுப்பதாகத் திட்டம்; கடல் மட்டும்தான் முடிந்தது. படம் சொல்ல வந்தது, தனி ஒருவனாக நின்றால் தோற்பாய், சேர்ந்து நின்றிருந்தால் கதை வேறு என்பது. கடைசிப் பகுதியில் ந்தோனி தன் பழைய படகைப் பழுது பார்ப்பதைப் பார்க்கப் போகிறான். ரோசா என்ற சிறுமி அவனிடம் இரக்கமாகப் பேசுகிறாள். ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள வேண்டும் என்று அவன் அவளிடம் சொல்கிறான். படத்தின் உபதேசம் அதுதான், கொஞ்சம் பச்சையாகவே வைத்திருக்கிறார்கள்.

ஆசிரியையாக எனக்கு அது சம்மதம். மகளாகக் கேட்டபோது வேறொன்று காதில் விழுந்தது. ஊர் சேரும்வரை ஒரு குடும்பம் என்ன செய்ய வேண்டும்? ந்தோனியின் ஊர் அவனோடு வரவில்லை. அப்பாவின் ஊரும் அன்று கரையில் நின்று வேடிக்கைதான் பார்த்தது. அதில் நான் முன்வரிசை. இந்த இரண்டையும் எனக்கு ஒன்றாக்கத் தெரியவில்லை.

நம் ஊர்க் கதையேதான் என்று சொல்லித்தானே கூட்டிப்போனாய்? எல்லாம் ஒன்றா?

கூட்டம் சேர்க்கச் சொன்னது அது. ஒன்றில்லை. அங்கே ஒரே கடல். நமக்கு வடகடல், தென்கடல் என்று இரண்டு. கச்சான் காற்றில் தென்கடல் முறுக்கினால் வடக்கே போகலாம், வாடையில் மாறிக்கொள்ளலாம். அவர்களுக்கு எச்சரிக்கைக்கு மணி. நமக்கு பாம்பன் துறைமுகத்துப் புயல் கூண்டும் இப்போது கைப்பேசியும். கடலில் கோடு போட்ட எல்லை அவர்கள் கதையில் இல்லை. நம் கதையை அதில்லாமல் சொல்லவே முடியாது. நம் பெண்கள் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள், அங்கே பெண்கள் கரையிலும் வீட்டிலும்தான். விலை சொல்கிற வாய் மட்டும் ஒரே மாதிரி.

லூசியா செய்தது தப்புத்தானே? அவளுக்காகவும் அழுதாயா? (பெரியம்மா)

போலீஸ்காரன் தோன் சல்வதோரே பட்டுத் துணி காட்டுகிறான், கழுத்துக்கு மாலை காட்டுகிறான். வீடு சாப்பாட்டுக்குத் திண்டாடுகிறது. அவள் போகிறாள். ஊர் பேசுகிறது. பெரியம்மா, அவளைவிட எனக்கு மாராவைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. முதலில் வீட்டுக்கு வசதி வந்தபோது நிக்கோலா தன்னால் அவளைக் கேட்க முடியாது என்று ஒதுங்கினான். பிறகு வீடு அழிந்தபோது அவள் ஒதுங்கினாள். பணம் ஏறினாலும் கல்யாணம் இல்லை, இறங்கினாலும் இல்லை.

லூசியாவிடம் படம் கொஞ்சம் கடுமையாக இருக்கிறது என்பது என் குறை. ந்தோனி குடித்துவிட்டுத் திரிகிறான், அதற்குக் காரணம் காட்டப்படுகிறது. அவளுக்கு அந்தச் சலுகை குறைவு. ஆண் எடுத்த படம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் மாடியில் இருந்த பெண்களும் லூசியாவைத்தான் திட்டினார்கள்.

அந்த இயக்குநர் பிரபு குடும்பமாமே? பணக்காரன் ஏழையை அழகாகப் படம்பிடித்துப் பரிசு வாங்கினால், அதைப் பார்த்து மீனவன் மகள் அழலாமா?

உண்மைதான். மிலானின் பழைய பிரபுக் குடும்பத்தில் 1906இல் பிறந்தவர் விஸ்கோந்தி. இளமையில் பந்தயக் குதிரை வளர்த்தவர். ஒளிப்பதிவாளர் ஜி. ஆர். ஆல்தோ எடுத்த ஒவ்வொரு சட்டகமும் சுவரில் மாட்டலாம் போல் இருக்கிறது. பாறைமேல் நிற்கும் பெண்களைச் சிலைபோல் நிறுத்திவைத்திருப்பது எனக்கே உறுத்தியது. பயந்த பெண் அப்படி நிற்க மாட்டாள், ஓடுவாள், கத்துவாள். அம்மா கத்துவாள்.

ஆனால் முன்னே சொன்ன பேச்சு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். தன் படத்தைத் தன் நாட்டுக்காரனுக்கே புரியாத பேச்சில் எடுத்தார். பணம் பண்ண நினைப்பவன் செய்கிற வேலையா அது? அந்த முற்றத்தில் யார் எப்படி உட்கார வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கலாம். மீனை எடுத்து உப்பில் வைக்கிற விரல்களுக்கு அவர் ஒன்றும் சொல்லித்தர முடியாது. நான் பார்த்தது அந்த விரல்களை. அழகு கூடிப்போனது என்று புகார் சொல்பவர்கள் வெளியூர்க்காரர்களாகவே இருக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் மாடியில், ‘எவ்வளவு நன்றாக எடுத்திருக்கிறான், எங்களை யார் இப்படி எடுத்தார்கள்’ என்றுதான் சொன்னார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

காட்டலாம். பயப்படும்படி ஒன்றுமில்லை. முதல் அரை மணியில் ஓடிவிடுவார்கள். தராசு விழும்போது கூப்பிடுங்கள்.

மூன்று தடவையும் அதே இடத்தில்தான் அழுதாயா?

இல்லை. முதல் தடவை உப்புக் காட்சி. இரண்டாம் தடவை, அவமானப்பட்டுப் பேர் கொடுக்கப் போகும்போது அண்ணனோடு வரும் சின்னத் தம்பிகளைப் பார்த்து. அவர்கள் முகத்தில் வெட்கமே இல்லை. வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு மட்டும். மூன்றாம் தடவையைப் பற்றி அடுத்த கேள்வியில்.

உன் அப்பா பார்த்தாரா? என்ன சொன்னார்?

முதல் இரண்டு தடவையும் மாடிப்படி ஏற மறுத்துவிட்டார். மூன்றாம் தடவை, பக்கத்து வீட்டுப் பையன்கள் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிவந்துவிட்டார்கள். தோளில் துண்டு, கையில் விசிறி. விளக்கு வைத்துப் பிடிப்பதைக் கவனமாகப் பார்த்தார். நின்றுகொண்டு துடுப்புப் போடுவதைப் பார்த்து, இடுப்பு போய்விடும் என்றார். புயலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போல் எழுத்தை வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படகு போன பிறகு வியாபாரி பீப்பாய்களைப் பார்க்க வருகிறான். மீனைத் தொட்டுப் பார்க்கிறான், உதட்டைப் பிதுக்குகிறான், ஒரு விலை சொல்கிறான். ந்தோனி முடியாது என்கிறான். அப்பா நாற்காலியில் முன்னே சாய்ந்து, திரையைப் பார்த்து, மெதுவாக, “கொடுத்துவிடு தம்பி. நாளைக்கு இதையும் குறைப்பான்” என்றார்.

அடுத்த வரியை நான் வாசிக்கவில்லை. பின்னாலிருந்து யாரோ, “டீச்சர், என்ன சொல்கிறான்?” என்று கேட்டார்கள்.

“விலையைக் குறைக்கிறான்” என்றார் அப்பா.